ஜில்லா கோர்ட்டும் காஜியும்

ஆதம்பாக்கம் இன்று சென்னை மாநகரின் ஒரு பகுதி. ஆலந்தூர் நகராட்சி 2011-இல் மாநகராட்சியுடன் இணையும்வரை அது மாநகருக்கு வெளியேதான் இருந்தது; ஆங்கிலேயர் காலத்திலோ செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சிற்றூர். இத்தகைய ஊர்களின் மக்கள் நீதி தேடிச் சென்ற வழியை ஆராயின், நம் சமுதாய வரலாற்றில் அதிகம் புரட்டப்படாத ஓர் ஏடு விரிகிறது.

ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி 1763-இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனியாருக்கு ஜாகீராக வழங்கினார். 1802-இல் வந்த ஒழுங்குவிதிகள் சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகளை நிறுவின. நீதிபதி ஆங்கிலேயர், அவருக்குச் சட்டம் எடுத்துரைக்க முஃப்தியும் பண்டிதரும் அரசு ஊதியத்தில் அமர்த்தப்பட்டனர். வாரிசுரிமை, திருமணம் ஆகியவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தும் இந்துக்களுக்குத் தர்மசாஸ்திரமும் பின்பற்றப்பட்டன. குற்ற வழக்குகளிலோ, ஒழுங்குவிதிகளால் திருத்தப்பட்ட இஸ்லாமியக் குற்றவியலே எல்லாச் சமயத்தார்க்கும் அடிப்படையாயிற்று. 1816-இல் மன்றோவின் முயற்சியால் நீதி கிராமத்துக்கே இறங்கி வந்தது. பத்து ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளைக் கிராம முன்சீப் விசாரித்தார். அவருக்கு மேல் ஜில்லா முன்சீப் இருந்தார்.

அந்த மன்றங்களின் மொழி இன்றும் தமிழர் நாவில் வாழ்கிறது. ஜில்லா என்பது அரபியில் 'விலா, பக்கம்' எனப் பொருள்படும் 'ளிலஃ'. முன்சீப் என்பவர் 'முன்ஸிஃப்', அதாவது சமமாகப் பங்கிட்டு நீதி செய்பவர். வக்கீல் பொறுப்பேற்றவர், அமீனா நம்பிக்கைக்குரியவர், ஜாமீன் பிணை நிற்பவர். தாவா, ஆஜர், ஜப்தி, ரத்து, பைசல், அசல், நகல் ஆகிய அனைத்தும் பாரசீகத்தின் வழியே வந்த அரபுச் சொற்களே. ஜப்தி செய்ய வந்த அமீனாவைக் கண்டு அஞ்சிய குடியானவர், அச்சொல்லின் பொருள் 'நம்பத்தக்கவர்' என்பதை அறிந்திருப்பாரா?

பின்னர் நிலைமை மாறியது. 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றமும் தோன்றியது. 1864-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டம் முஃப்தி, பண்டிதர் பதவிகளை நீக்கியது. அரசு காஜிகளை நியமிப்பதும் நின்றது. ஆயின், அரசு நியமித்த காஜி முன்னிலையில் நிக்காஹ் நடைபெறுவதே சில பகுதிகளின் வழக்கம். இதனால் எழுந்த இடர்ப்பாட்டை நீக்கவே 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் பிறந்தது. அது முதற்கண் சென்னை மாகாணத்திற்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவை நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும். காஜிக்கு நீதித்துறை அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ இச்சட்டத்தால் கிடைப்பதில்லை. காஜி இல்லாமல் நிக்காஹ் நடத்தவும் தடையில்லை. 'களா' எனும் சொல்லுக்கே தீர்ப்பளித்தல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த பெயரைத் தாங்கியவர் தீர்ப்பளிக்கும் உரிமை இல்லாதவரானார்! 2017 ஜனவரியில், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ்கள் கருத்துரைகளே எனச் சென்னை உயர்நீதிமன்றம் கூறியதும் இப்பிரிவை ஒட்டியே.

இவ்வேறுபாடு அறியாமல், கையில் கிடைத்த ஒரு தாளையே முடிந்த தீர்ப்பென்று நம்பி, மஹரையும் பராமரிப்பையும் கேட்காமல் விட்டுவிடும் பெண்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சான்றிதழ் வேறு, தீர்ப்பு வேறு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது ஆலிம்களின் கடமை. ஜமாஅத்துகளின் கடமையும் ஆகும். முஃப்தியின் பதவி 1864-இல் போயிற்று. அறிவுரை கூறும் பொறுப்பு எந்தச் சட்டத்தாலும் நீங்கவில்லை.