மொழியைக் காத்து எழுத்தை இழந்த தீவுகள்

1565 முதல் 1898 வரை, 333 ஆண்டுகள் பிலிப்பைன் தீவுகளை ஸ்பெயின் ஆண்டது. மக்களின் சமயம் மாறிற்று; அவர்தம் பெயர்கள் மாறின; நாடே இரண்டாம் பிலிப்பு மன்னனின் பெயரைப் பெற்றது. மொழி மட்டும் மாறவில்லை. அதே ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்ட மெக்சிக்கோவில் ஸ்பானியம் பெரும்பாலோரின் தாய்மொழியாயிற்று. பிலிப்பைனிலோ தகாலரும் விசாயரும் இலோக்கானரும் தத்தம் மொழிகளையே இன்றும் பேசுகின்றனர். அம்மொழிகள் மலாய்க்கு உறவானவை. கண்ணைக் குறிக்கும் ‘மாத்தா’, ஐந்தைக் குறிக்கும் ‘லீமா’ என்னும் சொற்கள் தகாலோக்கிலும் மலாயிலும் ஒன்றே. இவை பிழைத்தமைக்கு ஆண்டவர்களின் பெருந்தன்மையே காரணம் எனச் சிலர் எண்ணக்கூடும். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

தீவுகளில் குடியேறிய ஸ்பானியர் தொகை எக்காலத்தும் சிறிதே. அவர்களுட் பலர் மணிலாக் கோட்டைக்குள் இருந்துகொண்டு, மெக்சிக்கோவின் அக்கப்புல்கோ துறையோடு நடந்த கப்பல் வாணிகத்தை நம்பி வாழ்ந்தனர். சிற்றூர்களில் நிலைத்துத் தங்கிய ஸ்பானியர் பெரும்பாலும் துறவி ஒருவரே. மக்களைத் தம் மொழிக்கு இழுப்பதினும் அவர்கள் மொழியைத் தாம் கற்பது எளிதெனத் துறவியர் கண்டனர். 1594இல் தீவுகள் வட்டாரம் வட்டாரமாகத் துறவற சபைகளுக்குப் பங்கிடப்பட்டன. 1610இல் தகாலோக் இலக்கணமும், 1613இல் அகராதியும் அச்சேறின. அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பதற்கில்லை.

ஆயினும் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. மக்களுக்கு ஸ்பானியம் கற்பிக்குமாறு மன்னர் ஆணைகள் பலமுறை வந்தன. அவை ஏட்டளவிலேயே நின்றன. ஊரில் இரு மொழியும் அறிந்தவர் துறவி ஒருவராகவே இருக்குமளவும், அவரின்றி அரசின் சட்டம் மக்களை எட்டாது. மக்களின் முறையீடும் அரசை எட்டாது. இதனை முதலில் உணர்ந்தவர் தோமாஸ் பின்பின் என்னும் தகாலர் போலும். மேற்சொன்ன இலக்கணத்தை அச்சிட்டவர் அவரே. அதே 1610இல், தகாலர் ஸ்பானிய மொழி கற்பதற்கென நூல் ஒன்றைத் தாமே எழுதி வெளியிட்டார். ஆள்வோர் மொழியை ஆளப்பட்டோர் கேட்டனர், ஆள்வோர் கொடுக்கவில்லை. இந்நிலை ஏறத்தாழ முந்நூறு ஆண்டு நீடித்தது.

இனி, இழந்த எழுத்தைப் பார்ப்போம். ஸ்பானியர் வந்தபோது தகாலர்க்குப் ‘பேபாயின்’ என்னும் எழுத்து இருந்தது. தமிழ் எழுத்தைப் போலவே அதுவும் பிராமியின் வழித்தோன்றல். உயிர் மூன்று, மெய் பதினான்கு. எழுத்தின் மேலே ஒரு குறி இட்டால் இகரம். கீழே இட்டால் உகரம். ஆண்களும் பெண்களும் அதனை எழுதப் படிக்க அறிந்திருந்தனர் என்று 1604இல் சிரினோ என்ற துறவி எழுதினார். அவர் சற்று மிகைபடக் கூறியிருக்கலாம். எனினும் 1613, 1625ஆம் ஆண்டுகளில் அவ்வெழுத்தில் எழுதிய நில விற்பனை ஆவணங்கள் மணிலாவிலுள்ள சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளன.

அவ்வெழுத்தில் புள்ளி இல்லை. தமிழ் ஏடுகளிலும் புள்ளியிடாத வழக்கம் உண்டு. ஆனால் அங்கே மெய்யெழுத்தேனும் எழுதப்பட்டிருக்கும். பேபாயினில் அசையின் இறுதி மெய்யை எழுதுவதே இல்லை. மலையைக் குறிக்கும் ‘புந்தோக்’ என்னும் சொல்லை எழுதினால் ‘பு’, ‘தோ’ என இரண்டு எழுத்தே நிற்கும். எஞ்சியதைப் படிப்பவர் உய்த்துணர வேண்டும். 1620ஆம் ஆண்டளவில் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்னும் துறவி, எழுத்தின் கீழ்ச் சிலுவை வடிவக் குறியிட்டு அதனை மெய்யாக்கினார். நம் புள்ளி செய்யும் பணியையே அது செய்தது. மக்கள் அதனை ஏற்கவில்லை. ரோமன் எழுத்தோ இக்குறையின்றி வந்தது. கோயிலிலும் அலுவலகத்திலும் அதுவே வழங்கிற்று. பேபாயின் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. மிந்தோரோவின் மங்கியான் மக்களிடமும், பலாவானின் தக்பன்வா மக்களிடமும் மட்டுமே அதன் உறவெழுத்துகள் எஞ்சின. துறவியர் ஏடுகளை எரித்தமையால் எழுத்து அழிந்தது என்று கூறுவது எளிது. ஆனால் 1593இல் ‘தொக்திரினா கிறிஸ்தியானா’வை அவ்வெழுத்திலும் அச்சிட்டவர்கள் துறவியரே.

தமிழிலும் இத்தகைய சோதனை நேர்ந்தது. 1554இல் லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டனர், அம்முறை வேரூன்றவில்லை. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. ஏடு ஏடாக இலக்கியமும் இலக்கணமும் பெற்றிருந்த எழுத்தை ஒதுக்கிவிட்டு மக்களை அணுக இயலவில்லை. பேபாயினில் எழுதப்பட்டவை பெரும்பாலும் கடிதமும் கையொப்பமும் குறிப்புமே. தகாலர் பாட்டும் கதையும் நாவில் வாழ்ந்தன. ஆகவே எழுத்து மறைந்தபோதும் அவை மறையவில்லை.

சொற்கள் தாராளமாகவே புகுந்தன. தகாலோக்கின் ‘பிந்தானா’ சன்னல், ‘சப்பாத்தோஸ்’ காலணி, நலம் வினவும் ‘குமுஸ்தா’வும் ஸ்பானியமே. ‘மேசா’ என்பது மேசை. நம் மேசையும் மலாயின் ‘மேஜா’வும் போர்த்துக்கீசியர் வழி வந்தவை, ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் அச்சொல் ஒன்றே. குடும்பப் பெயர்களோ 1849இல் ஆளுநர் கிளவேரியாவின் ஆணையால் பட்டியலிலிருந்து வழங்கப்பட்டன. வரி தண்டுவார்க்கு ஆளை அடையாளம் காணும் வசதி வேண்டியிருந்தது. இதனால், ஸ்பானியப் பெயருடையார் அனைவரும் ஸ்பானியக் குருதியினர் எனக் கொள்ளுதல் பிழை.

1863இல்தான் ஊர்தோறும் ஆண், பெண் இருபாலார்க்கும் தொடக்கப் பள்ளி வேண்டும், அங்கு ஸ்பானியம் கற்பிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1865இல் மணிலாவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி திறந்தது. பள்ளிகளின் மேற்பார்வை மீண்டும் ஊர்த்துறவியிடமே சென்றது. 1888 டிசம்பர் 12ஆம் நாள், மலோலோஸ் நகரின் இளம்பெண்கள் இருபதின்மர், அங்கு வந்த ஆளுநர் வெய்லரிடம் நேரே சென்று விண்ணப்பம் ஒன்றை நீட்டினர். தாங்கள் ஸ்பானியம் பயில இரவுப் பள்ளி வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. ஊர்த்துறவி எதிர்த்தார், பெண்கள் விடவில்லை. அடுத்த ஆண்டு பள்ளி நடந்தது, அரசின் பணம் ஒரு காசும் இன்றி. சில மாதங்களிலேயே மூடவும்பட்டது. ஐரோப்பாவிலிருந்த ஒசே ரிசால் அப்பெண்களைப் பாராட்டி நீண்ட கடிதம் எழுதினார். அதனைத் தகாலோக்கில் எழுதினார். 1887இல் வெளிவந்த அவருடைய ‘நோலி மே தாங்கெரே’ புதினம் ஸ்பானியத்தில் இருந்தது. அவர் யாருக்காக வருந்தி எழுதினாரோ அவர்களுள் மிகச் சிலரே அதனைப் படிக்கக்கூடியவர். 1896 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்பானியர் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

ஈராண்டில் ஸ்பெயின் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அமெரிக்கர் பள்ளிகளை ஆங்கிலத்துக்கு மாற்றினர். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஸ்பானியம் விரும்புவோர் பயிலும் மொழியாக மட்டும் இடம் பெற்றுள்ளது. பேபாயினோ 2010இல் வெளியான பணத்தாள்களில் ‘பிலிப்பினோ’ என்னும் ஒரு சொல்லாகத் திரும்பி வந்தது. அவர்கள் ஒலிப்பில் அச்சொல்லின் நான்கு அசைகளும் உயிரிலேயே முடிவன. லோபெஸின் சிலுவைக் குறிக்கு அங்கு வேலையில்லை.