தம்புள்ளை வயலுக்கு வந்த பெர்க்கின்ஸ் என்ஜின்

மாத்தளை மாவட்டத்தின் தென்பகுதி தேயிலையும் மிளகும் விளையும் மலைநாடு. தம்புள்ளை, கலேவெல சார்ந்த வடபகுதி நெல்லும் பெரிய வெங்காயமும் விளையும் உலர்வலயம். அங்குள்ள செங்கபில மண் வெயிலில் பாறைபோல் இறுகிவிடும். மழை பெய்தோ குளத்து நீர் பாய்ந்தோ மண் இளகும்வரை எருமைக் கலப்பை இறங்காது. உழவு இயந்திரம் வந்தபின் காய்ந்த நிலத்திலேயே புழுதி உழவு நடந்தது. அறுவடை முடிந்ததும் அதே இயந்திரம் களத்தில் கதிர்களின்மேல் வட்டமாக ஓடிச் சூடு மிதித்தது. அத்தகைய இயந்திரங்களுள் நெடுங்காலம் பேர்பெற்றிருந்தவை மாஸி பெர்குசன் 35, 135 ஆகியவை. இரண்டுக்கும் உயிராக இருந்த மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின், 1959இல் நடந்த ஒரு நிறுவனக் கொள்வனவால் வாய்த்தது.

பிராங்க் பெர்க்கின்ஸ், பொறியியலாளர் சார்ல்ஸ் சப்மனுடன் சேர்ந்து 1932இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் அந்த என்ஜினைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்து டீசல் என்ஜின்கள் பெரும்பாலும் எடை மிகுந்தவை, மெதுவாகச் சுழல்பவை. பெட்ரோல் லொறியிலும் பொருத்தக்கூடிய இலகுவான, வேகமான டீசலைச் செய்வதே இருவரின் நோக்கம். 1937இல் வந்த ஆறு சிலிண்டர் பி6 அதை நிறைவேற்றியது. ஆனால் 1950களில் வெளிவந்த ஆர்6 கோளாறு மிகுந்ததாக அமைந்து, நிறுவனத்தின் நிதியையும் பேரையும் பாதித்தது.

கனடாவின் மாஸி ஹரிஸ் நிறுவனம் 1953இல் ஹரி பெர்குசனின் நிறுவனத்துடன் இணைந்து, 1958இல் மாஸி பெர்குசன் எனப் பெயர் சுருங்கியது. அதன் 35 மாதிரியில் முதலில் இருந்தது ஸ்டாண்டர்ட் கம்பனியின் நான்கு சிலிண்டர் டீசல். குளிர் காலையில் அதை இயக்குவது பெரும்பாடு. 1959இல் பெர்க்கின்ஸை ஏறத்தாழ 45 லட்சம் பவுணுக்கு வாங்கிய மாஸி பெர்குசன், அவ்வாண்டு இறுதியிலேயே 35க்குப் பெர்க்கின்ஸின் மூன்று சிலிண்டர் என்ஜினைக் கொடுத்தது. 1964 டிசம்பரில் 135 வந்தது. வாங்கியவர்கள் பெர்க்கின்ஸின் பெயரை அழிக்கவில்லை. போட்டியாளர்களுக்கு அது என்ஜின் விற்பதையும் தடுக்கவில்லை. இந்தக் கொள்வனவில் மிகவும் புத்திசாலித்தனமான முடிவு அதுதான்.

கிராமத்துக்கு ஏற்ற எளிமை அந்த என்ஜினில் இருந்தது. டீசல் தீர்ந்து குழாயில் காற்றுப் பிடித்தால், வடிகட்டியிலும் பம்பிலும் உள்ள திருகுகளைத் தளர்த்தி, கைநெம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை எண்ணெயை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒரு ஸ்பனர் போதும். வயலோரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

கடல் தாண்டிச் சென்னையிலும் இந்த உறவு வேர்விட்டது. 1840இல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம், பெர்க்கின்ஸ் உரிமத்தில் டீசல் என்ஜின்களை உற்பத்தி செய்தது. சிம்ப்சன் சார்ந்த அதே அமால்கமேஷன்ஸ் குழுமத்தில் 1960இல் தோன்றிய டாஃபே, மாஸி பெர்குசன் உழவு இயந்திரங்களைத் தயாரித்தது. இலங்கையில் அவற்றை பிரவுண்ஸ் நிறுவனம் விற்றது.

கடன் சுமையில் தள்ளாடிய தாய் நிறுவனமான மாஸி பெர்குசன் 1986இல் வாரிட்டி எனப் பெயர் மாறியது. 1994இல் அதன் மாஸி பெர்குசன் உழவு இயந்திரப் பிரிவு அமெரிக்காவின் ஆக்கோவுக்குப் போனது. பெர்க்கின்ஸ் வாரிட்டியிடமே நின்றது. 1998இல் அதைக் கட்டர்பில்லர் வாங்கியது.