ட்விப்

விஷுவல் பேசிக் 6-இல் கருவிப்பெட்டியிலுள்ள பொத்தானை இரட்டைச் சொடுக்கினால் படிவத்தில் ஒரு பொத்தான் வந்து உட்காரும். அதன் அகலம் 1215. புதிதாகப் படிப்பவர் மிரண்டுபோவார். அந்நாளைய திரையே 1024 பிக்சல்தானே! அந்த 1215, ட்விப் கணக்கு.

அச்சுக்கலையில் எழுத்தின் அளவைப் பாயின்ட் என்பார்கள். கணினியில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஒரு பாயின்ட்டில் இருபதில் ஒரு பங்கு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கியதில் பிறந்த சொல்தான் ட்விப். ஆக, ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப்.

பிக்சல் திரைக்குத் திரை மாறும், அங்குலம் மாறாது என்ற நல்லெண்ணத்தில் வந்த அளவு இது. விண்டோஸ் 96 டிபிஐ அமைப்பில் இருந்தால் ஒரு பிக்சலுக்கு 15 ட்விப். 120 டிபிஐ என்றால் 12. எழுத்து பெரிதானால் பொத்தானும் கூடவே பெரிதாகும். அருமையான ஏற்பாடு.

ஆனால் ரெசல்யூஷன் குறைந்தால் ட்விப் காப்பாற்றாது. 96 டிபிஐயில் 1024×768 திரையின் அகலம் 15360 ட்விப். 800×600 திரைக்கு 12000தான். 14000 அகலத்தில் வரைந்த படிவத்தின் வலது ஓரம் அங்கே வெளியே போய்விடும். ஸ்கிரீன்.வித் மதிப்பைப் படித்துப் படிவத்தை நாம்தான் சுருக்க வேண்டும்.

டாட்நெட் பிக்சலுக்கு மாறிவிட்டது. பழைய நிரலைத் திருத்துபவர்கள், 15 என்று எண்ணை எழுதிவைக்காமல் ஸ்கிரீன்.ட்விப்ஸ்பெர்பிக்சல்எக்ஸ் தரும் மதிப்பையே பயன்படுத்துங்கள்.