'டி' எழுத்து விழுந்த ஊர்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கே வேர் நதி பாயும் டர்ஹாம் ஜில்லாவின் சபையார், 1951-ஆம் ஆண்டில் தாங்கள் தயாரித்த அபிவிருத்தித் திட்டத்தில், தம் ஆளுகைக்கு உட்பட்ட 357 ஊர்களையும் நான்கு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில அரிச்சுவடியின் முதல் நான்கு எழுத்துகளில் ஒன்றைச் சூட்டினார்கள். ஜனத்தொகை பெருகும் என்று அவர்கள் எதிர்பார்த்த 70 ஊர்கள் 'ஏ' வகுப்பில் சேர்ந்தன. இருந்த நிலையிலேயே இருக்கும் என்று கருதிய 143 ஊர்கள் 'பி'. ஓரளவு தேயும் என்று மதித்த 30 ஊர்கள் 'சி'. எஞ்சிய 114 ஊர்களுக்கு 'டி' என்ற எழுத்து விழுந்தது. அந்த நான்காம் வகுப்பு ஊர்களில் பொதுப்பணத்தைப் பெரிய அளவில் இனிச் செலவிடலாகாது, செலவிடுமாறு வரும் எந்த யோசனையையும் நுணுகி ஆராய வேண்டும், அங்குள்ள வீடுகள் குடியிருக்கத் தகாதவையாகும் காலத்தில் அவற்றுக்கு ஈடான வீடுகளை வேறிடத்தில்தான் கட்ட வேண்டும் என்பன திட்டத்தின் விதிகள். ஊரை இடித்துத் தள்ளுங்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினரிடம், இனி மருந்து வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறிவிடும் வைத்தியரைப் போல, திட்டத்தை எழுதியவர்கள் மிகுந்த நிதானத்துடன்தான் பேசினார்கள்.

இந்த ஊர்கள் எப்படிப் பிறந்தவை என்பதை அறியாமல் அந்த நிதானத்தை விளங்கிக்கொள்ள முடியாது. வயலையும் ஆற்றையும் சந்தையையும் பற்றிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல வளர்ந்த கிராமங்கள் டர்ஹாமிலும் உண்டு; ஆனால் 'டி' எழுத்துப் பெற்றவற்றில் மிகப் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரிக்காக ஓரிரண்டு வருஷங்களில் எழுப்பப்பட்டவை. எங்கே சுரங்கவாய் தோண்டப்பட்டதோ அதன் பக்கத்திலேயே, முதலாளி தன் செலவில், செங்கல் வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட வரிசைகளாகக் கட்டினான். வரிசைகளுக்குப் பெயர் வைக்கச் சோம்பிய இடங்களில் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண்ணிட்டதோடு நிறுத்திக்கொண்டான். வீடு கூலியின் ஒரு பகுதி. வேலை போனால் வீடும் போகும். வேலைநிறுத்தம் செய்தால் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவுக்கு வரும். இத்தனைக்கும் அந்த வரிசைகளுக்குள்ளே, முதலாளி கட்டித் தராத ஒரு சமூகத்தைச் சுரங்கத் தொழிலாளிகள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். மெதடிஸ்ட் கோவில், கூட்டுறவுப் பண்டகசாலை, புத்தகசாலையுடன் கூடிய தொழிலாளர் மன்றம், வயோதிகச் சுரங்கத் தொழிலாளிகளுக்குத் தொழிலாளரே சந்தா சேர்த்துக் கட்டிய சிறு வீடுகள், பித்தளை வாத்தியக் கோஷ்டி, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் உரிய பட்டுக்கொடி ஆகிய யாவும் இருந்தன. 1871 முதல் டர்ஹாம் நகரில் கூடி வந்த சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவுக்கு அந்தக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஊரே திரண்டு போகும். சாப்வெல் என்னும் ஊரார் தம் தெருக்களில் ஒன்றுக்கு மார்க்ஸ் என்றும் மற்றொன்றுக்கு லெனின் என்றும் பெயரிட்டார்கள் என்றால், எண்ணிட்ட தெருக்களில் வாழ்ந்தவர்களுக்குப் பெயரின் அருமை தெரிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும்.

ஊர்களைத் தரம் பிரித்தவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. இங்கிலாந்தில் தொழிற்கட்சி முதன்முதலாகக் கைப்பற்றிய கவுண்டி சபை டர்ஹாம் சபையே. 1919-இல் அதன் தலைமைப் பீடத்தில் அமர்ந்த பீட்டர் லீ, பத்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1951-இல் அச்சபையை நடத்தியவர்களும் இதே மரபில் வந்த தொழிற்கட்சிக்காரர்களே. இரண்டு அறைகளில் ஒரு குடும்பம் அடைந்து கிடப்பதும், கொல்லைப்புறத்து உலர் கக்கூஸும், சுவரில் ஊறும் ஈரமும் அவர்களுக்குப் புத்தகத்தில் படித்தறிய வேண்டிய சங்கதிகள் அல்ல. முப்பதுகளின் வேலையில்லாத் திண்டாட்டம் அவர்கள் நினைவில் புண்ணாகவே இருந்தது. 1936-இல் அதே ஜில்லாவின் ஜாரோ நகரிலிருந்து இருநூறு பேர் வேலை கேட்டு லண்டன் வரையில் நடந்தே போயிருந்தார்கள். யுத்தம் முடிந்தபின் 1947 ஜனவரி முதல் தேதி சுரங்கங்கள் தேசவுடைமையாயின. அதே வருஷத்து நகர, கிராம நிர்மாணச் சட்டம், நிலத்தில் புதிதாக எதையும் கட்டும் உரிமையை அரசாங்கத்தின் அனுமதிக்கு உட்படுத்தி, ஒவ்வொரு கவுண்டி சபையும் ஓர் அபிவிருத்தித் திட்டம் வகுக்க வேண்டும் என்று விதித்தது. ஜில்லாவின் மேற்குப் பகுதியில் கரிப்படலங்கள் தீர்ந்துகொண்டு வந்தன. கிழக்குக் கடற்கரையிலோ சமுத்திரத்துக்கு அடியிலும் கரி கிடந்தது. செங்கல்லும் மரமும் கிடைப்பது அருமையாக இருந்த அந்நாளில், சாகப்போகும் சுரங்கத்தின் வாயிலில் புது வீடு கட்டுவதைக் காட்டிலும், வேலை நிலைக்கும் இடத்தில் நல்ல நகரம் ஒன்றை நிர்மாணித்துப் பல ஊராரை அங்கே குடியேற்றுவது நியாயமல்லவா என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தில் பரோபகாரம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அதற்கேற்ப, கிழக்கே 1948-இல் ஒரு புதுநகரம் அமைக்கப்பட்டு, லீயின் நினைவாகப் பீட்டர்லீ என்று பெயர் பெற்றது. அதனை வரைந்து தர அழைக்கப்பட்டவர், லண்டன் மிருகக்காட்சிசாலையில் பெங்குவின் பறவைகளுக்குக் குளம் கட்டிப் பிரசித்தியடைந்த கட்டடக் கலைஞர் பெர்தோல்ட் லுபெட்கின். அவர் மனத்தில் உயர்ந்த மாடிக் கட்டடங்கள் எழுந்தன; தேசவுடைமையான சுரங்கங்களை நடத்திய நிலக்கரி வாரியத்தாரோ அந்த நிலத்துக்கு அடியில் இருக்கும் கரியை எடுத்தே தீருவோம், எடுத்தால் தரை அமிழும், கனத்த கட்டடம் தாங்காது என்று சாதித்தார்கள். வருஷக்கணக்கில் வாதாடிச் சலித்த லுபெட்கின் 1950-இல் ராஜினாமாச் செய்துவிட்டுப் போனார். கரித்தொழிலாளிகளின் நன்மைக்கென எழுந்த நகரத்தின் உருவத்தையே கரி நிர்ணயித்துவிட்டது. ஒரே சர்க்காரின் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்த கதைகளில் இதற்கு ஓர் உயர்ந்த ஸ்தானம் கொடுக்கலாம்.

இனி, 'டி' எழுத்து ஓர் ஊருக்குள் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். புதுவீட்டுக்கு அனுமதி இல்லை. ஆகவே கல்யாணமான இளையவர்கள் வெளியூருக்குப் போக வேண்டியவர்களானார்கள். பழைய வீட்டில் குளியலறை கட்டவும் வெந்நீர்க் குழாய் போடவும் மற்ற ஊரார் பெற்ற சர்க்கார் மானியம், வீட்டுக்கு இன்னும் இத்தனை வருஷ ஆயுள் உண்டு என்று சொல்ல முடிந்தால்தான் கிடைக்கும். ஊருக்கே ஆயுள் இல்லை என்று எழுதி வைத்திருக்கையில் வீட்டுக்கு எங்கிருந்து ஆயுள் வரும்? மானியம் இல்லாததால் வீடு பழுதாயிற்று. பழுதானதால் குடியிருக்கத் தகாதது என்ற முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்தபின் அக்காலத்துச் சட்டப்படி உடையவருக்குக் கிடைத்த நஷ்டஈடு பெரும்பாலும் மனைவிலை மாத்திரமே. சேமித்த காசையெல்லாம் போட்டு, தான் நெடுங்காலம் குடியிருந்த வீட்டைத் தானே வாங்கி, சுவருக்குத் தாள் ஒட்டி, தோட்டத்தில் லீக் என்னும் வெங்காயவகையைப் பயிரிட்டு வாழ்ந்த கிழவன் ஒருவனுக்கு, அவன் வீடு கணக்கில் காலி மனைக்குச் சமானம் என்று அறிவிக்கப்பட்டால் அவன் என்ன நினைப்பான்? இளையவர் போனதால் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். பிள்ளைகள் குறைந்ததும் கடைக்காரன் யோசிக்கத் தொடங்கினான். ஜனத்தொகை குறையும் என்று முன்கூட்டி எழுதியவர்கள் தாங்கள் எழுதியது பலித்ததைக் கண்டு, தங்கள் கணிப்பு சரி என்பதற்கு அதனையே சாட்சியாகவும் காட்டினார்கள். கணித்தவரே கணிப்பை நிறைவேற்றும் அதிகாரமும் உடையவராக இருந்தது இத்திட்டத்தின் மூலதோஷம் என்று எனக்குப் படுகிறது; மற்றக் குறைகள் எல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

இந்த ஊர்களில் மிகவும் பெயர் பெற்றது, பிஷப் ஆக்லண்டுக்கு அருகிலுள்ள விட்டன் பார்க். 1825 செப்டம்பர் 27-ஆம் தேதி திறக்கப்பட்டு, பொதுமக்கள் ரயில்வேயின் சரித்திரத்தையே தொடங்கி வைத்த ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதை, விட்டன் பார்க் சுரங்கத்துக் கரியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே அங்கிருந்து போடப்பட்டது. 1846-இல் போல்க்கோ, வான் என்னும் இரு கூட்டாளிகள் அங்கே இரும்பு உருக்கும் ஆலை அமைத்தார்கள். வேல்ஸிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஜனங்கள் வந்து நிறைந்தார்கள். எண்பதுகளில், எஃகின் காலம் வந்தபோது, ஆலை மூடப்பட்டது. அதன்பிறகும் ஊர் இருந்தது. முதல் உலக யுத்தத்தில் விக்டோரியா கிராஸ் என்னும் உயரிய வீரவிருதைப் பெற்ற சகோதரர்களான ரோலண்ட் பிராட்போர்டும் ஜார்ஜ் பிராட்போர்டும் அங்கே பிறந்தவர்கள். இவ்வளவு கீர்த்தியுடைய ஊருக்கு 1951-இல் கிடைத்த பட்டம் 'டி'. புல்டோசர்கள் வந்து வரிசை வரிசையாக வீடுகளைத் தட்டிவிட்டுப் போயின. ஊரின் நடுவே புல்வெளிகள் தோன்றின. ஊரார் மனுப் போட்டார்கள், கூட்டம் கூடினார்கள், பத்திரிகைக்காரர்களை அழைத்து வந்து காட்டினார்கள். ஊர் சாகவில்லை, பிற்காலத்தில் அந்தப் புல்வெளிகளில் சிலவற்றின் மீதே புதுவீடுகளும் எழுந்தன.

அடிஸன், பேஜ் பாங்க் போன்ற சில ஊர்கள் ஏறக்குறைய முழுவதும் மறைந்தே போயின. ஆனால் காலப்போக்கில் 'டி' வகுப்பில் வைக்கப்பட்ட மொத்தம் 121 ஊர்களில் அவ்விதம் துடைத்தெறியப்பட்டவை மிகச் சிலவே; 1977-இல் சபையார் இக்கொள்கையை முறைப்படி கைவிட்டபோது பெரும்பாலானவை, காயத்துடனேனும், இருந்த இடத்திலேயே இருந்தன. எங்கே வேலையோ அங்கேதான் வாசம் என்ற பழைய சுரங்க முதலாளியின் கணக்கையே, அவனை வெறுத்த சோஷலிஸ்டுகளும் தம்மையறியாமல் பின்பற்றிவிட்டார்கள். பஸ்ஸும் பின்னர் மோட்டார்க் காரும் சாமான்யனுக்கு எட்டியபோது, இருபது மைல் தள்ளியுள்ள தொழிற்சாலைக்குக் காலையில் போய் மாலையில் தன் ஊருக்கே திரும்பி வர அவனால் முடிந்தது. திரும்பி வரவே அவன் விரும்பினான். எதிர்காலத்தின் இருப்பிடம் என்று நம்பப்பட்ட கிழக்குக் கரைச் சுரங்கங்களோ வேறு கதையாக முடிந்தன. திட்டம் எழுதப்பட்ட அதே வருஷம் மே மாதம் 29-ஆம் தேதி, அந்தக் கரையிலுள்ள ஈஸிங்டன் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்திலும் அதன் மீட்புப் பணியிலுமாக 83 பேர் மாண்டார்கள். அச்சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. அவ்வருஷ முடிவில் வேர்மவுத் சுரங்கமும் மூடப்பட்டபோது, டர்ஹாம் நிலக்கரிப் பிரதேசத்தில் ஆழ்சுரங்கம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாற்பது வருஷங்களுக்கு அப்பால் எது வாழும், எது சாகும் என்பதை ஓர் எழுத்தில் எழுதிவிடலாம் என்று எண்ணியவர்களுக்கு, 'ஏ' என்பதும் 'டி' என்பதும் சமமாகவே ஏமாற்றம் அளித்தன.

ஊர்களைப் படிவரிசையில் நிறுத்தும் வழக்கம் டர்ஹாமோடு போய்விடவில்லை. ஜெர்மானிய பூகோள பண்டிதர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல், சந்தைகளும் சேவைகளும் ஒரு நாட்டின் ஊர்களை எவ்வாறு சிறிதும் பெரிதுமாக அடுக்கி வைக்கின்றன என்று காட்டிய சித்தாந்தம், யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தின் நிர்மாண அலுவலகங்களில் செல்வாக்குப் பெற்றது. டெவன் போன்ற விவசாயப் பிரதேசங்களில், சில ஊர்களை மையமாகத் தேர்ந்து, வீடு, பள்ளி, மருத்துவசாலை எல்லாவற்றையும் அங்கே குவித்து, சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களை அவற்றை நம்பி வாழும்படி விட்டார்கள். தொண்ணூறுகளில் சுற்றுச்சூழல் கவலை புகுந்தபின் பழைய அடுக்கு புதிய நியாயம் ஒன்றைப் பெற்றது: மோட்டார்ப் பயணத்தைக் குறைக்க வேண்டுமானால் கடையும் பள்ளியும் உள்ள ஊரிலேயே வீடு கட்ட வேண்டும். இப்போது எழுத்துகளுக்குப் பதில் மதிப்பெண்கள். ஆரம்பப் பள்ளிக்கு இத்தனை, தபாலாபீஸுக்கு இத்தனை, பஸ் வருவதற்கு இத்தனை என்று கூட்டிப் பார்த்து, ஊரை எந்தப் படியில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். பஸ் கம்பெனி ஒரு தடத்தை நிறுத்திவிட்டால், அடுத்த கணக்கெடுப்பில் ஊர் ஒரு படி இறங்கிவிடும்.

2008-இல் சர்க்காருக்காகக் கிராம வாழ்க்கையை ஆராய்ந்து அறிக்கை எழுதிய பார்லிமெண்ட் அங்கத்தினர் மாத்யூ டெய்லர் இதனை ஒரு பொறி என்றே வர்ணித்தார்: சேவைகள் இல்லாததால் வீடு இல்லை, வீடு இல்லாததால் எஞ்சிய சேவைகளும் போகின்றன. அவர் சொன்னதற்கு ஓரளவு பலன் இருந்தது. 2012-இல் வெளியான தேசிய நிர்மாணக் கொள்கை, பக்கத்துப் பக்கத்தில் சிற்றூர்கள் இருக்கும் இடங்களில், ஓர் ஊரில் கட்டும் வீடு அடுத்த ஊரின் கடைக்கும் பள்ளிக்கும் ஆதாரமாகலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் விசேஷ காரணம் இருந்தாலன்றி, தனித்துக் கிடக்கும் வீடுகளை நாட்டுப்புறத்தில் தவிர்க்க வேண்டும் என்றும் அதிலேயே விதித்தது. எஸ்ஸெக்ஸில் பிளாக்மோர் எண்ட் என்னும் சிற்றூரில் இரண்டு வீடுகள் கட்ட வந்த மனுவை மறுத்த பிரெய்ன்ட்ரீ சபையார் இந்த விதியையே பற்றிக்கொண்டார்கள். இந்த ஊரில் போதிய சேவைகள் இல்லை, ஆகவே மற்ற வீடுகளுக்குப் பக்கத்திலேயே கட்டினாலும் இவை தனித்த வீடுகளே என்பது அவர்கள் வாதம். வழக்கு படிப்படியாக ஏறி 2018 மார்ச்சில் அப்பீல் கோர்ட்டை அடைந்தது. ஊருக்கு விலகிப் பௌதிகமாக ஒதுங்கி நிற்பதுதான் தனித்து நிற்பது, கடையும் பஸ்ஸும் எட்ட இருப்பதால் ஊருக்குள் இருக்கும் வீடு தனித்த வீடாகிவிடாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இவ்வளவு சாதாரணமான விஷயத்தைச் சொல்வதற்கு அப்பீல் கோர்ட்டே கூடவேண்டியிருந்தது.