ஒடிஸியஸ் தேடி எடுத்த வாழ்க்கை

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பிளேட்டோவின் 'குடியரசு' மூன்றாம் பகுதியில் சாக்ரடீஸ் கத்தரிக்கோலும் கையுமாகத்தான் வருகிறார். ஹோமர் பாதாளத்தைப் பற்றிப் பாடிய வரிகளை எடுத்து, இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று தள்ளுகிறார். அவற்றில் ஒன்று, செத்துப்போன அக்கிலீஸ் சொல்வது: இறந்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, சொந்த நிலமில்லாத ஒருவனிடம் கூலிக்காரனாக உயிரோடு இருப்பதே மேல். இதைக் கேட்டு வளரும் பையன் போரில் சாகப் பயப்படுவானாம்.

சரி, நீக்கியாயிற்று. ஆனால் பத்தாம் பகுதியில் சாக்ரடீஸே சாவுக்குப் பிந்தைய கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பிக்கிறார்.

பம்ஃபீலியாக்காரன் எர் போரில் சாகிறான். பத்தாம் நாள் மற்ற உடல்கள் அழுகிக் கிடக்க, இவன் உடல் மட்டும் கெடவில்லை. பன்னிரண்டாம் நாள் சிதையில் கிடந்தவன் உயிர்த்தெழுந்து, அங்கே பார்த்ததைச் சொல்கிறான். ஆயிரம் ஆண்டுப் பயணம், பத்து மடங்கு தண்டனை எல்லாம் எங்கும் கேட்கிற கதைதான். விஷயம் அதற்கப்புறம். அடுத்த பிறவியை ஆன்மாக்களே பொறுக்கிக்கொள்ள வேண்டும். சீட்டு போடுவது யார் முதலில், யார் பிறகு என்பதற்கு மட்டும். கடவுள்மேல் பழிபோட முடியாது.

முதல் சீட்டு விழுந்தவன் பாய்ந்துபோய் மிகப்பெரிய கொடுங்கோலனின் வாழ்க்கையை எடுக்கிறான். அப்புறம் நிதானமாகப் பார்த்தால், பெற்ற பிள்ளைகளையே தின்னும் விதியும் அதற்குள் இருக்கிறது. நெஞ்சில் அடித்துக்கொண்டு, தன்னைத் தவிர எல்லாவற்றையும் குற்றம் சொல்கிறான். அவன் சொர்க்கத்திலிருந்து இறங்கி வந்தவன்! ஒழுங்கான நாட்டில் வாழ்ந்து, வெறும் பழக்கத்தால் நல்லவனாக இருந்தவன். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போடும். தண்டனை பட்டு வந்தவர்களில் பலர் அவசரப்படாமல் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

கடைசிச் சீட்டு ஒடிஸியஸுக்கு. பட்ட பாட்டில் அவனுக்குப் புகழாசை விட்டுப்போயிருந்தது. வெகுநேரம் தேடி, மற்றவர்கள் சீண்டாமல் விட்ட ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையைக் கண்டெடுக்கிறான். முதல் சீட்டு விழுந்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன் என்கிறான்.

அக்கிலீஸ் அந்தப் பேச்சைப் பேசியது யாரிடம்? இதே ஒடிஸியஸிடம்தான். வாசலில் துரத்திய வரி கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. பிளேட்டோ தெரிந்தேதான் செய்தார் என்று நினைக்கிறேன். கதையைத் தொடங்கும்போதே சாக்ரடீஸ், இது அல்கினஸுக்குச் சொன்ன கதை இல்லை என்கிறார். ஹோமரில் ஒடிஸியஸ் தன் பாதாளப் பயணத்தை விவரித்தது அந்த அல்கினஸ் அரசனின் சபையில். ஆனால் அக்கிலீஸுக்கு எப்படியாவது உயிரோடு இருந்தால் போதும். ஒடிஸியஸுக்கோ எல்லாப் பிறவியும் முன்னால் விரிந்து கிடக்கிறது; நினைவை வைத்துக்கொண்டு அவன் அந்தச் சின்ன வாழ்க்கையை எடுக்கிறான்.

பிறகு எல்லோரும் மறதிச் சமவெளியின் ஆற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஒடிஸியஸும்தான். அந்த வாழ்க்கையை ஏன் எடுத்தோம் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை. எர் ஒருவனை மட்டும் குடிக்க விடவில்லை.