சோற்றில் ஏறாத மஞ்சள்

எங்கள் ஆச்சியிடம் காமாலையைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருந்தது. விடிகாலைச் சிறுநீரில் ஒரு பிடி வெள்ளைச் சோற்றைப் போட்டு வைக்கச் சொல்வாள். சோற்றில் மஞ்சள் ஏறினால் காமாலை. ஏறாவிட்டால், "போலே, ஒண்ணுமில்லெ."

எங்கள் ஊரான எப்போதும்வென்றானுக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஆச்சியைத் தேடி வருவார்கள். மருந்து கீழாநெல்லிதான். ஐப்பசி மழைக்குப் பருத்திப் புஞ்சை வரப்பிலும் ஓடைக்கரையிலும் அது தானாக முளைக்கும். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கோடைக்கு, நிழலில் உலர்த்திய பொடி. மோரில் கலக்கிக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் சொல்வாள். காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்பாள். பெரும்பாலும் பலித்தது. தண்ணீரில் பரவும் ஏ, ஈ வைரஸ்களால் வரும் காமாலை அநேகமாகச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாது.

1978இல் அண்ணனுக்குக் காமாலை. ஆச்சி மருந்து கொடுத்தாள். கண் வெளுத்ததும், "மஞ்ச எறங்கிட்டு, இனிமே பயமில்லெ" என்றாள். சோலைசாமி கோயிலில் தேங்காய் உடைத்தோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மஞ்சள் இறங்கிய பிறகும் ரத்தத்தில் தங்கிவிடுகிற ஒரு வைரஸ் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பர்க் 1965இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்ட புரதம், பின்னாளில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெரிந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு. அதே பிளம்பர்க் எங்கள் ஆச்சியின் செடியையும் தேடி வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவோடு அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1988இல் 'லான்செட்' இதழில் வந்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்துவிட்டது என்றது அது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன். ஆனால் பின்னால் மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

2014இல் அண்ணன் இளைத்துப்போய், வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றான். பார்த்தபோது ஈரலில் கட்டி கை கொள்ளாத அளவுக்கு வளர்ந்திருந்தது. நான்கு மாதம்தான் இருந்தான். ரத்தத்தில் பி வைரஸ். "கூடப் பிறந்தவங்க எல்லாரும் பாத்துக்கங்க" என்றார் டாக்டர். காமாலையே வந்தறியாத எனக்கும் இருந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்ததா, வெந்நீரில் முக்கி ஊருக்கே போட்ட கண்ணாடிச் சிரிஞ்சிலா, யார் கண்டது? கைக்குழந்தையாய் இருக்கையில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது போவதில்லை. பெரியவர்களாகித் தொற்றினால் பெரும்பாலோருக்குப் போய்விடும்.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூத்துக்குடி பஸ் ஏறுகிறேன். வெறும் வயிற்றோடு ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தச் சோதனை. சோவியத் நாட்டில் ஆபெலெவ் 1963இல் எலியிலும், தத்தாரினோவ் 1964இல் மனிதரிலும் ஈரல் புற்றோடு சேர்த்துக் கண்ட புரதம் அது. ஆறு மாதம் என்பதற்குக் காரணம், சிறிய கட்டி இரட்டிப்பாக ஏறத்தாழ அவ்வளவு காலம் எடுக்கும் என்ற கணக்கு. ஷாங்காயில் பி வைரஸ் உள்ளவர்கள், நாள்பட்ட ஈரல் அழற்சி இருந்தவர்கள் என 18,816 பேரை வைத்துப் பார்த்தார்கள். இப்படிச் சோதித்த குழுவில் ஈரல் புற்றுச் சாவு 37 சதவீதம் குறைந்தது. அங்கேயும் சொன்ன தவணைக்கு வந்தவர்கள் 60 சதவீதத்துக்கும் குறைவுதான். எனக்குப் புரிகிறது. உளுந்து பிடுங்குகிற வாரத்தில் நானும் ஒருமுறை தள்ளிப்போட்டேன். மகள் பேசவில்லை, அடுத்த திங்களே போனேன்.

எதிர்காலத்துக்கு வழி பிறந்துவிட்டது. 1984இல் தைவான் பிறக்கும் குழந்தைகளுக்குப் பி தடுப்பூசி போடும் திட்டத்தை ஆரம்பித்தது. குழந்தைகளின் ஈரல் புற்று அங்கே கண்கூடாகக் குறைந்தது. இந்தியாவில் 2011 வாக்கில் நாடு முழுக்க வந்தது. 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தேன். இரண்டு பேருக்கும் இல்லை. ஊசி போட்டாயிற்று.

ஆச்சியை நான் குறை சொல்லமாட்டேன். கண்ணுக்குத் தெரிந்ததை அவள் சரியாகத்தான் பார்த்தாள். பி, சி வைரஸ் உள்ளவர்கள், குடியாலோ சர்க்கரையோடு வரும் கொழுப்பாலோ ஈரல் சுருங்கியவர்கள், வீட்டில் ஒருவரை ஈரல் புற்றுக்குப் பறிகொடுத்தவர்கள், சோறு வெள்ளையாய் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு அடுத்த தவணை ஐப்பசியில். விதைப்பு இருந்தாலும் போவேன்.