மசூலா படகு: ஆணி இல்லாமல் பலகை சேர்த்த சென்னைக் கரை

மசூலா படகு என்பது சோழமண்டலக் கடற்கரையில், குறிப்பாகச் சென்னையில், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட படகு. தமிழில் இது சலங்கு என்றும் அழைக்கப்பட்டது. துறைமுகம் அமைவதற்கு முன் சென்னைக்கு வந்த பயணிகளும் சரக்குகளும் பெரும்பாலும் இந்தப் படகுகளிலேயே கரை சேர்ந்தன.

பின்னணி

1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் பெற்ற இடத்தில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் மணலுக்கும் இடையே அலைகள் வரிசையாக உடைந்தன. கப்பல்களில் இருந்த ஐரோப்பியப் படகுகள் இந்த அலைகளில் எளிதில் உடைந்துபோயின. அதனால் உள்ளூர்ப் படகோட்டிகளின் உதவியின்றி வணிகம் நடக்கவில்லை.

தையல் முறை

ஜான் எடாய் என்ற கப்பல் கட்டும் வல்லுநர் 1834-இல் வெளியான கட்டுரையில் இப்படகின் அளவுகளைத் தருகிறார்: நீளம் 30 முதல் 35 அடி, அகலம் 10 முதல் 11 அடி, ஆழம் 7 முதல் 8 அடி. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, இணைப்பின் மேல் நார் அல்லது வைக்கோல் திரியை வைத்து, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைத்தனர். உள்ளே விலாச்சட்டம் இல்லை. துடுப்பும் மூங்கில் கழியின் நுனியில் பலகை பொருத்தியதே. படகைத் திசை திருப்பியவர் தண்டல்.

ஏன் ஆணி இல்லை?

ஆணி அடித்த கப்பல்கள் கண்ணெதிரிலேயே நின்றன. எனவே தையலை அறியாமையின் அடையாளமாகக் கொள்ள முடியாது. அலை தூக்கி மணலில் அறையும்போது, விறைப்பாகப் பொருத்திய இணைப்பில் அதிர்ச்சி முழுவதும் ஆணியைச் சுற்றியே குவியும். துளை அகலும், மரம் பிளக்கும், உப்புநீரில் இரும்பு துருப்பிடிக்கும். தைத்த பலகைகளோ சற்றே அசைந்து, வளைந்து கொடுத்து, அடியைப் பகிர்ந்துகொண்டன. அதற்கு விலையும் இருந்தது: தண்ணீர் கசியும், உள்ளே புகுந்ததை இறைக்க வேண்டும், நைந்த கயிற்றை மாற்றித் தைக்க வேண்டும். கசிவைப் பொறுத்துக்கொண்டு உடையாமல் இருப்பதே இந்தத் தொழில்நுட்பத்தின் தேர்வு.

இம்முறை இந்தியப் பெருங்கடலில் பரவலாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் ஓர்முசில் தைத்த கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குள்ள மரம் ஆணி அடித்தால் பிளந்துவிடும் என்பதையே காரணமாகக் கூறினார்.

கட்டுமரம்

இதே கரையின் மற்றொரு கலம் கட்டுமரம். இங்கு பலகையே இல்லை. இலேசான மரத்துண்டுகள் கயிற்றால் பிணைக்கப்பட்டன. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்தலாம். நீரில் ஊறிக் கனத்த மரம் மீண்டும் இலேசாகும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் மசூலா படகுகளுடன் கட்டுமரக்காரர்களும் சென்று, தவறி விழுந்த பயணிகளை மீட்டனர். 'கட்டுமரம்' என்ற சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது. இன்று அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது.

துறைமுகமும் கரையும்

1860-களின் தொடக்கத்தில் இரும்புத் தோணித்துறை அமைந்தது. 1870-களில் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1881 புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. பின்னர் அவை மீண்டும் கட்டப்பட்டன. சுவருக்குள் நீர் அமைதியானதும், அலையைத் தாங்கும் படகுக்கும் அதை ஓட்டியவர்களின் திறமைக்கும் தேவை குறைந்தது.

மற்றொரு விளைவு வடக்கே தெரிந்தது. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. டோல்கேட், திருவொற்றியூர் பகுதிகளில் இன்று காணப்படும் கருங்கல் தடுப்புகள் இந்த அரிப்பின் தொடர்ச்சி. படகை இழுத்தேற்றவும் கட்டுமரத்தை அவிழ்த்து உலர்த்தவும் மணல் வேண்டும். கல்லின் மீது அவை முடியாது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. அச்சில் வார்க்கப்படும் அவற்றின் உடலில் தைக்கப் பலகையும் இல்லை, அவிழ்க்கக் கட்டும் இல்லை. கயிற்றுத் தையல் கைவிடப்பட்டதற்கு அதன் குறை காரணமல்ல. அது எந்த அலைக்காகவும் எந்த மணலுக்காகவும் உருவானதோ, அவை இரண்டும் மாறிவிட்டன.